ஏரிக்கரை மேட்டில் நின்ற வண்டி

என் அக்கா வீட்டுக்காரரின் பழைய பிக்கப் வண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று இன்ஜின் ஒரு துடிப்பை விழுங்கிவிடும். சீராகப் போய்க்கொண்டிருந்த சத்தத்தில் ஒன்று குறையும், வண்டி லேசாகக் குலுங்கும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். மெக்கானிக்குகள் இதை மிஸ்ஸிங் என்பார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. அந்தச் சத்தம் முனையில் கேட்டால் மச்சான் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

மச்சான் ஐஸ் வண்டி ஓட்டினார். புதுப்பட்டினத்துக்கு வெளியே உள்ள ஐஸ் கம்பெனியில் விடியற்காலையில் பாளம் பாளமாக ஏற்றிக்கொண்டு, பாலாற்றுப் பாலம் தாண்டித் தெற்கே உள்ள குப்பங்களுக்கெல்லாம் இறக்குவார். திரும்பும்போது அங்கே கிடைத்த மீனை ஏற்றிக்கொண்டு செய்யூர் வழியாக மதுராந்தகம், செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போவார். மிஸ்ஸிங் முற்றி வழியில் இன்ஜின் நின்றால், இறங்கி பானெட்டைத் தூக்கி, உள்ளே குனிந்து, டீசல் பில்டர் பக்கத்தில் இருக்கும் சின்ன ஹேண்ட் பம்ப்பை நாலு அடி அடிப்பார். வண்டி கிளம்பிவிடும். "சரி பண்ணிடேன் மச்சான்" என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "ஓடிகினுதானடா கீது, ஓடற மாட்ட எதுக்கு டாக்டராண்ட கூட்டினு போவணும்" என்று சிரிப்பார். ஆள் நல்ல உயரம். அந்த உயரத்தை மடித்துப் பானெட்டுக்குள் விட்டுக்கொண்டு சாலையோரம் நிற்பது அந்தப் பக்கம் போகிற வருகிற எல்லோருக்கும் பழகிப்போன காட்சி. பஸ்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். இவர் தலையை எடுக்காமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார்.

இந்த வருடம் தை மாதக் கடைசியில் ஒரு காலை அவர் அப்படித்தான் நின்றார். செய்யூர் சாலையில் ஒரு ஏரிக்கரை மேடு இருக்கிறது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறு பக்கம் தண்ணீர். அந்த மேட்டில் இன்ஜின் நின்றிருக்கிறது. பம்ப் அடித்து, வண்டியைக் கிளப்பி, அது மறுபடி திணறவே இன்ஜின் ஓட ஓடவே குனிந்து மறுபடி அடித்திருக்கிறார். அந்த நிலையிலேயே நெஞ்சு நின்றுவிட்டது. கீழே விழவில்லை. வண்டியின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

பஸ் போனது. பைக்குகள் போயின. பால் வண்டிக்காரர் ஒருவர் வழக்கம்போல ஹாரன் அடித்துவிட்டுப் போனார். கை தூக்காததை அவர் கவனிக்கவில்லை. புல்லுக்கட்டு தூக்கிக்கொண்டு வந்த ஒரு அம்மாள்தான், இந்த பாய் எப்போதும் ஒரு வார்த்தை பேசுவாரே என்று கிட்டே போய்ப் பார்த்திருக்கிறார். அப்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றை விட்டு, ஒன்றைப் பிடித்து. சாவு கேட்டு மையத்து வீட்டுக்கு வந்த பால் வண்டிக்காரர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஆரன் அடிச்சிட்டு போனேனே பாய், ஆரன் அடிச்சிட்டு போனேனே" என்று அழுதார். அவரை என்ன சொல்ல? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எங்களில் கணவன் மவுத்தானால் மனைவி இத்தா இருக்க வேண்டும். நான்கு மாதமும் சில நாளும். அதுவரை வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, அன்னிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. கூடப்பிறந்தவன் என்பதால் நான் போகலாம், வரலாம். அம்மா துணைக்கு அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டாள். அக்காவின் ஒரே மகள் ஆம்பூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், கொஞ்ச நாள் இருந்துவிட்டு மாமியார் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

வண்டியை யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தது. ஐஸ் போகாவிட்டால் குப்பத்துக்காரர்கள் நாலு நாளில் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள். அக்காவுக்கு அந்த வண்டியைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. எனக்குக் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடை இருக்கிறது, பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் ஆட்கள் வருவார்கள். மார்க்கெட்டை முடித்துக்கொண்டு வரத் தாமதமானால் அதுவரை என் வீட்டுக்காரி கடையைப் பார்த்துக்கொள்வாள். அக்காவின் இத்தா முடிந்து ஒரு டிரைவர் ஏற்பாடாகும் வரைக்கும் நான் ஓட்டுகிறேன் என்றேன். பெரிய தியாகி மாதிரி சொல்லிவிட்டேனே தவிர, சாவியை வாங்கிய பிறகும் வண்டியை இரண்டு தடவை சுற்றி நடந்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

அவர் உட்கார்ந்து உட்கார்ந்து சீட்டில் ஒரு பள்ளம். அதில் உட்கார்ந்தால் நான் ஒரு சாண் கீழே போய்விடுவேன். மேலே இருந்த கண்ணாடி அவர் உயரத்துக்குத் திருப்பி வைத்தது. எனக்கு அதில் பின்சாலை தெரியாது, வண்டியின் கூரைதான் தெரியும். கை நீட்டித் திருப்ப எவ்வளவு நேரமாகும்? ஆனால் நான் திருப்பவில்லை. இரண்டு பக்கக் கண்ணாடிகளை வைத்தே ஓட்டினேன். அவர் இறங்கிப் போயிருக்கிறார், வந்துவிடுவார், அதற்குள் நாம் எதையும் மாற்றிவிடக் கூடாது என்பதுபோல ஒரு கூச்சம்.

முதல் நாள் சுற்று முடிந்து வண்டியை அக்கா வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். சின்ன வீடு அது. வாசற்படிக்கு உள்ளே கால் வைத்ததும் சமையல் மேடை, அதற்குப் பின்னால்தான் அறை. நான் உள்ளே நுழைந்தபோது அக்கா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். மேல்மூச்சு வாங்கியது. டீ கொதித்ததும் மச்சானின் பெரிய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அம்மா என்னை வெளியே அழைத்துப் போய்க் குசுகுசுவென்று சொன்னாள்.

"பாத்தியாடா? வண்டி முனை திரும்புற சத்தம் கேட்டதும் எழுந்து ஓடியாந்துட்டா. அவுருக்கு டீ போடற நேரம்தான இது, அதான்."

"அக்காவுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியாம இன்னா. மனசு கேக்கணுமே. இத்தன நாளு மூலையிலயே குந்திகினு இருந்தா. இன்னிக்குத்தான் எழுந்து நடந்தா. நீ அந்த சத்தத்த எடுத்துடாதடா. இத்தா முடியற வரைக்கும் அது இருந்துட்டு போவட்டும்."

சரியென்று தலையாட்டினேன். அன்றிலிருந்து கெட்டுப்போன இன்ஜினை வேண்டுமென்றே ஓட்டிய ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். தினமும் முனையில் திரும்பும்போது அது சரியாக ஒரு துடிப்பை விழுங்கும். தினமும் நான் உள்ளே போகும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். தினமும் அந்தப் பெரிய டம்ளர். எனக்கு இனிப்புக் குறைவாக இருக்க வேண்டும், மச்சானுக்கு அள்ளிப் போட வேண்டும். அந்தத் தித்திப்பை நான் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

ஆனால் மிஸ்ஸிங் சும்மா இருக்கவில்லை. வர வர அதிகமாயிற்று. வழியில் நிற்க ஆரம்பித்தது. நின்ற இடத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதே ஏரிக்கரை மேடு. மட்டமான சாலையில் குலுங்கிக் குலுங்கியாவது போய்விடும். அந்த மேட்டில் ஏறும்போது மட்டும் உயிரை விட்டுவிடும். நான் ஐந்து வேளை தொழுகிறவன், பேய் பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் கடையை விட்டு விரட்டுகிறவன். அந்த மேடு தூரத்தில் தெரிந்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கும்.

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலை. வண்டி நின்றது. இறங்கினேன், பானெட்டைத் தூக்கினேன், குனிந்து பம்ப்பை அடித்தேன். அவர் கை பட்டுப் பட்டு அதன் தலை வழுவழுவென்று இருந்தது. பின்னால் ஒரு பைக் வேகத்தைக் குறைக்கிற சத்தம்.

"இன்னா பாய், இன்னுமா இத்த சரி பண்ணல நீ?"

பழக்கமான குரலில் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் நிமிர்ந்து திரும்பினேன். பைக்கில் ஒரு பெரியவர், பின்னால் வேர்க்கடலை மூட்டை. என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வண்டியைக் கிளப்பிக்கொண்டு மேட்டில் இறங்கிப் போய்விட்டார், திரும்பியே பார்க்கவில்லை.

நான் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சாலைக்கு இங்கே ஒருவன் குனிந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அது மச்சானா நானா என்று அதற்குக் கவலையில்லை. நாளைக்கு நான் இதன்மேல் சாய்ந்தாலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார்கள். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்றைக்கு மீனை மதுராந்தகத்திலேயே இறக்கிவிட்டு நேராகப் படாளத்துக்கு விட்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. மெக்கானிக் வாய்க்காரர். வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நாசில் போயிருச்சு அண்ணாத்த. டீசல தெளிக்கிற சாமான். கண்ண மூடிகினு சொல்வேன்."

கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார். நாலு நாசிலையும் கழற்றிச் சோதித்துச் சுத்தம் செய்து மாட்டி, வண்டியைப் போட்டால், அதே திணறல். "கண்ணத் தொறந்து ஒரு தடவ பாத்தா இன்னா?" என்று நான் கேட்டேன். அவர் முறைத்தார். ஆனால் அதன்பிறகு வாயைக் குறைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார், அதையும் சொல்ல வேண்டும்.

இன்ஜினை ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தினார். தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. நல்ல சிலிண்டராக இருந்தால் இன்ஜின் சத்தம் உடனே விழும். ஏற்கெனவே செத்த சிலிண்டராக இருந்தால் சத்தத்தில் மாற்றமே தெரியாது. அப்படித்தான் நோயாளி எது என்று கண்டுபிடிப்பது. முதல் நட்டுக்குச் சத்தம் விழுந்தது. இரண்டாவதுக்கும் விழுந்தது. மூன்றாவதுக்கு மாற்றமில்லை. "மாட்னான்" என்றார். மறுபடி முதலிலிருந்து வந்தால் இப்போது மூன்றாவது நன்றாக இருக்கிறது, முதலாவது செத்துக் கிடக்கிறது. இன்னொரு முறை பார்த்தால் நாலாவது. அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஒரு இடத்துல நிக்கல அண்ணாத்த. உள்ள எதுவோ சுத்திகினு கீது."

அந்த வெயிலில் எனக்கு முதுகு சில்லிட்டது.

"காத்து" என்றார் அவரே. "சிலிண்டர்ல கோளாறு இல்ல. டீசலோட காத்து போவுது. எந்த சிலிண்டருக்குக் காத்து வருதோ அது அந்த நேரத்துக்கு மிஸ் ஆவுது."

பில்டருக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே போவது தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்றை அந்த இடத்தில் மாட்டினார். இன்ஜினைப் போட்டதும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். மஞ்சள் டீசல் ஓடியது. அதில் சின்னச் சின்னக் குமிழ்கள், ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு பெரிய குமிழ் வந்து உள்ளே போனது. ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் இன்ஜின் ஒரு துடிப்பை விழுங்கியது. எங்கள் தெருவே அடையாளம் வைத்திருந்த சத்தம் அந்தக் குமிழில் இருந்தது.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து டீசல் பைப்பைக் கையால் தடவிக்கொண்டே போனார். பாதி வழியில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். நானும் உள்ளே நுழைந்து படுத்தேன்.

இரும்புப் பைப்பின் மேல் ஒரு இடத்தில் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றி, மீன்வலை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மச்சான் எதைக் கட்டினாலும் அப்படித்தான் கட்டுவார், முடிச்சு மேல் முடிச்சு. பெருநாளைக்குத் துணி வாங்கி வந்தால்கூட அந்தப் பொட்டலத்தை அக்கா கத்தி வைத்துத்தான் பிரிப்பாள், திட்டிக்கொண்டே. இந்த வண்டியில் அவர் கை இன்னும் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் படுத்த இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தக் கட்டுக்கு நேர் மேலே ஒரு பிளாஸ்டிக் குழாய் போனது. "இது கம்பெனி சாமான் இல்லியே, யாரு மாட்னது?" என்று மெக்கானிக் கேட்டார். யார் மாட்டியது, எதற்கு மாட்டியது, எல்லாம் எனக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் ஆடி மாதத்தில் மச்சானே சொல்லியிருக்கிறார். செய்யூர் பக்கம் ஒரு ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை அந்த ஊருக்குள் கவுச்சி ஆகாது. இவர் வண்டியோ ஐஸ் கரைந்த மீன் தண்ணீரால் கோயில் தெரு முழுக்கக் கோலம் போட்டுக்கொண்டே போகும். பெண்கள் வழிமறித்து, "பாய், காப்பு கட்டிகீறோம், பாத்துக்க" என்றார்களாம். வேறு வழியாகச் சுற்றிப் போயிருக்கலாம். இவருக்கு மனது கேட்கவில்லை. தண்ணீர் வடிகிற ஓட்டையில் ஒரு குழாயைச் செருகி, வண்டிக்கு அடியிலேயே கொண்டுபோய், பின்னால் ஒரு கேனில் விழும்படி செய்துவிட்டார். திருவிழா முடிந்த பிறகும் எடுக்கவில்லை. "நல்லாத்தான கீது, யாரு வாசல்லயும் நாத்தம் இல்ல" என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டார்.

அந்தக் குழாயின் இணைப்பு ஒன்று கசிந்து, உப்பு மீன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக டீசல் பைப்பின் மேலேயே விழுந்து அதை அரித்துவிட்டது. கட்டுக்கு அடியில் ஊசி முனை அளவு ஓட்டை. டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். மட்டத்தில் சமாளித்துவிடும், மேடு ஏறும்போது டேங்கில் டீசல் பின்னால் சாய்வதால் இன்ஜின் பலமாக இழுக்கும், காற்று அதிகமாகப் புகும், நின்றுவிடும். ஏரிக்கரைக்கு இவ்வளவுதான் காரணம். மெக்கானிக் விளக்கி முடித்தபோது என் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஊரார் வாசல் நாறக் கூடாது என்று நினைத்த மனிதரை அந்த நினைப்பே மேட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. இதற்குப் பேய் இருந்தாலே பரவாயில்லை என்று தோன்றியது.

"அறுத்துட்டு புதுசா போட்றலாமா?"

நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். இதை அறுத்தால் முனையில் சத்தம் வராது. அக்கா எழுந்து வர மாட்டாள். அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை போகும். அறுக்காவிட்டால் நாளைக்கு மறுபடி அந்த மேடு, மறுபடி யாராவது ஒருவர் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்.

"இன்னா அண்ணாத்த, தூங்கிட்டியா?"

"அறு. அந்தக் கட்ட மட்டும் முடிச்சு பிரியாம எங்கிட்ட குடு."

பழைய பைப்பை எடுத்துப் புதியது போட்டார். வடிகுழாயை மறு பக்கத்துக்கு மாற்றினார். பில்டரில் காற்று எடுக்கிற திருகைத் தளர்த்திவிட்டு என்னையே பம்ப் அடிக்கச் சொன்னார். நுரை நுரையாக வந்தது. அடித்துக்கொண்டே இருந்தேன். நுரை குறைந்து, கடைசியில் தெளிந்த டீசல் வழிந்தது. இன்ஜினைப் போட்டதும் அது ஒரே சீராக ஓடியது. இந்த வண்டிக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. யாரோ முன்பின் தெரியாதவர் வண்டியில் ஏறுவதுபோல் இருந்தது. ஏறி உட்கார்ந்து, மேலே இருந்த கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்பினேன்.

முனையில் திரும்பும்போது இன்ஜின் எதையும் விழுங்கவில்லை. வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே கால் வைத்தேன். அடுப்பு எரியவில்லை. அறையில் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த அக்கா, அன்னிய ஆள் என்று நினைத்து முக்காட்டை இழுத்துக்கொண்டு, "யாரு?" என்றாள்.

"நான்தாங்க்கா."

"எதுல வந்த?"

"வண்டியிலதான். மிஸ்ஸிங்க சரி பண்ணிட்டேன்."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "படிச்சுப் படிச்சு சொன்னேனேடா. பாவி, அத்த ஒண்ண கேட்டுத்தான எழுந்துவந்து டீ போட்டுகினு இருந்தா."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"டீ போட எழுந்தேன்னு யாரு சொன்னது?"

நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

"அன்னிக்கு அவுரு சாஞ்சப்புறமும் வண்டி ஓடிகினே இருந்துச்சாமே. விட்டு விட்டு ஓடிகினு இருந்துச்சாமே. நீ தெருவுல திரும்பறப்பல்லாம் அதே சத்தம். இன்னும் உசுரு கீது, ஓடுனா புடிச்சிடலாம்னு எழுந்து ஓடியாருவேன். வாசப்படி வந்துரும். தாண்டக்கூடாது. திரும்பி உள்ள போவவும் கால் வராது. கையாண்ட அடுப்பு கீது. பத்த வெச்சிருவேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "தெனமும்டா. தெனமும் இட்டாந்து முனையில நிறுத்துன அவர."

இத்தனை நாள் குடித்த தித்திப்பெல்லாம் தொண்டைக்கு ஏறி வந்ததுபோல் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையிலிருந்து அந்த ரப்பர் கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எங்கே இருந்தது, எதற்குக் கட்டியது என்று சொன்னேன்.

அக்கா அதைக் கையில் எடுத்தாள். முடிச்சைப் பார்த்ததும் அவளுக்கும் தெரிந்துவிட்டது. கத்தி கேட்கவில்லை. நகத்தாலேயே பிரிக்க ஆரம்பித்தாள். ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அம்மா வாயைத் திறக்கப் போனாள், நான் கை காட்டி நிறுத்தினேன். கடைசி முடிச்சும் பிரிந்து கயிறு அவள் மடியில் விழுந்தது. ரப்பரைப் பிடித்து லேசாக இழுத்தாள். மக்கிப்போயிருந்தது, இரண்டாகக் கையோடு வந்தது.

"இத்தயா நம்பிகினு ஓட்டிகினு இருந்தாரு?" என்றாள்.

மவுத்தான நாளிலிருந்து அக்கா சத்தம் போட்டு அழுததில்லை. அப்போது அழுதாள். தெருவுக்கே கேட்டிருக்கும். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு டீ போட்டது அம்மா.